முற்றத்தில் நின்றுபோன புதுக் கார்

கந்தப்பளையில் லீக்ஸும் கரட்டும் கோவாவும் பயிரிட்டு வாழும் ஒரு விவசாயிக்கு விலை பேசும் வித்தையை ஒருவர் புதிதாகக் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை. பிற்பகலில் பிடுங்கிக் கழுவிக் கட்டிய லீக்ஸ் மறுநாள் விடியுமுன் தம்புள்ளைப் பொருளாதார மத்திய நிலையத்துக்கோ பேலியகொடை மெனிங் சந்தைக்கோ போய்ச் சேர்ந்தாக வேண்டும் என்பதும், சேர்ந்த பிறகு அதைத் திருப்பி மலைக்குக் கொண்டுவர எவராலும் இயலாது என்பதும், இவ்விரண்டையும் தராசருகில் நிற்கும் முதலாளி நன்றாக அறிந்தே வைத்திருக்கிறார் என்பதும் அவருக்குத் தெரியும். தெரிந்தும், காலம் தம் பக்கத்தில் இல்லாத காரணத்தால், சொன்ன விலைக்குச் சம்மதித்துத் திரும்புகிற நாட்கள் அவருடைய வாழ்க்கையில் அநேகம். அதே மனிதர், பல போகங்களின் மிச்சத்தைச் சேர்த்துக்கொண்டு ஒரு புதுக் கார் வாங்குவதற்காகக் கண்டிக்கோ குருணாகலுக்கோ கொழும்புக்கோ போய், ஒரு விற்பனை நிலையத்தின் கண்ணாடிக் கதவைத் திறந்தவுடன், தமது அனுபவம் முழுவதையும் வாசலிலே விட்டுவிட்டு, எழுதி ஒட்டிய விலையைத் தெய்வவாக்காக எண்ணி நின்றுவிடுகிறார். அங்கே அழுகும் சரக்கை வைத்திருப்பவர் கடைக்காரர். காலம் இப்போது வாங்குகிறவர் பக்கத்தில் இருக்கிறது. இதை அவர் அறியாமல் போவது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிற விஷயம்.

இரும்பும் கண்ணாடியும் அழுகுமா என்று கேட்கலாம். அழுகுவது அவற்றில் முடங்கிய பணம். விற்பனையாளர்களிற் பெரும்பாலானோர் வங்கியில் கடன்பட்டே கார்களை வரவழைக்கிறார்கள். கப்பற்கூலியும் காப்புறுதியும் சேர்ந்த அடக்கவிலைக்கு மேல் சுங்கத் தீர்வை, அதன் மேலதிக வரி, எஞ்சினின் அளவைப் பொறுத்த உற்பத்தி வரி, 18 வீத வற் வரி என்று யாவற்றையும் முன்கூட்டியே கட்டிய பிறகுதான் அந்தக் கார் அவர்களுடைய முற்றத்துக்கு வந்து சேர்கிறது. அன்றுதொட்டு அது விற்கும் நாள்வரை வட்டி ஓடிக்கொண்டேயிருக்கும். இதற்கு மேல், டிசம்பர் 31 கடந்தவுடன், ஒரு மைல்கூட ஓடாத அந்தக் காருக்கு ஒரு வயது கூடிவிடுகிறது. நமது பதிவுப் புத்தகத்தில் உற்பத்தி ஆண்டு தனியாக எழுதப்படுகிறது. பிற்காலத்தில் அதை விற்கப் போகும்போது சந்தை முதலிற் கேட்பது அந்த ஆண்டைத்தான்.

உலகமெங்கும் இந்த வியாபாரத்தின் இயல்பு இதுவே. ஆண்டுக்கொரு புது மாதிரியை வெளியிடும் வழக்கத்தை 1920-களில் ஜெனரல் மோட்டர்ஸ் கம்பனி, அதன் தலைவர் அல்பிரட் ஸ்லோனின் காலத்தில், நிலைநாட்டியபோதே, போன வருஷத்து மாதிரி என்கிற மிச்சச் சரக்கும் கூடவே பிறந்துவிட்டது. விற்பனையாளர்கள் ஆளைப் பார்த்து விலை சொல்லி வந்த அமெரிக்காவில், ஒக்லஹோமா மாநிலத்துச் செனட்டர் மைக் மொன்ரோனியின் முயற்சியால் 1958-இல் ஒரு சட்டம் வந்து, உற்பத்தியாளர் குறித்த விலையை ஒவ்வொரு புதுக் காரின் கண்ணாடியிலும் ஒட்டியாக வேண்டும் என்றாயிற்று. அதன் பிறகு பேரம் நின்றுவிடவில்லை, எந்த இடத்திலிருந்து இறங்கிப் பேசுவது என்பது இரு தரப்புக்கும் தெளிவாயிற்று. இந்தியாவில் டிசம்பர் மாதத் தள்ளுபடி ஒரு பருவகாலமாகவே ஆகிவிட்டது. ஜேர்மனியில் விற்பனையாளர் தமது மிச்சக் காரை ஒரே ஒரு நாளைக்குத் தமது பெயரில் பதிந்து, மறுநாள் அதைப் பாவித்த கார் என்ற கணக்கில் குறைந்த விலைக்குக் கொடுக்கிற வழக்கம் உண்டென்பதை அங்கே குடியேறிய நம்மவர்கள் அறிவார்கள். ஜப்பானிலும் பதிவு மட்டும் செய்து பாவிக்காமல் விட்ட கார்களுக்கென்று ஒரு தனிச் சந்தையே இருக்கிறது.

இலங்கையின் கதை மட்டும் சில வருஷங்கள் தலைகீழாக நடந்தது. 2020 மார்ச் மாதத்தில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. 2022-இல் ஒரு டொலருக்கு இருநூறு ரூபாய் என்றிருந்த நிலை சில வாரங்களுக்குள் முந்நூற்றைம்பதையும் தாண்டிச் சென்றது. அக்காலத்தில் முற்றத்தில் நின்ற கார் நிற்க நிற்க விலை ஏறியது. வாங்குகிறவர் மன்றாடினார், விற்கிறவர் தலையசைத்தார். பேரம் என்ற சொல்லே மறந்துபோன காலம் அது. 1970 முதல் 1977 வரை இருந்த இறக்குமதிக் கட்டுப்பாட்டுக் காலத்திலும் ஒரு பழைய மொரிஸ் மைனருக்கு இதே மரியாதை இருந்ததை முதியவர்கள் சொல்வார்கள். அந்த நினைவு இன்னும் மாறாததனால்தான், 2025 பெப்ரவரி 1 முதல் தனிப்பட்ட பாவனைக்கான கார்கள் மறுபடி வரத் தொடங்கிய பிறகும், ஜனங்கள் கிடைத்ததே பாக்கியம் என்ற எண்ணத்தோடு கடைக்குள் நுழைகிறார்கள்.

ஆனால் கதவு திறந்த அதே வேளையில், அரசாங்கம் மற்றொரு காரியமும் செய்தது. கார்களைக் கொண்டுவந்து விலை ஏறட்டும் என்று பதுக்கி வைப்பதைத் தடுப்பதற்காக, இறக்குமதி செய்த வாகனத்தை 90 நாட்களுக்குள் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதிந்தாக வேண்டும். தவறினால் அடக்கவிலையில் மாதந்தோறும் 3 வீதம் தாமதக் கட்டணம் செலுத்த வேண்டும் என்று 2025-இன் ஒழுங்குவிதி சொல்கிறது. வாங்குகிறவருக்கு இதைவிடப் பிரயோஜனமான ஒரு செய்தியை நான் அறியேன். அடக்கவிலை 25 இலட்சம் ரூபாயான ஒரு சிறிய காரை உதாரணமாக வைத்துக்கொள்வோம். 90 நாள் கடந்த பின் ஒவ்வொரு மாதமும் 75,000 ரூபாய் தாமதக் கட்டணம். வரிகளெல்லாம் சேர்ந்து விற்பனையாளரின் கைவிட்டுப் போன தொகை 60 இலட்சம் என்றும், அவர் கட்டும் வட்டி ஆண்டுக்கு 12 வீதம் என்றும் கொண்டால், மாதவட்டி 60,000. ஆக, அந்தக் கார் இன்னும் ஒரு மாதம் நின்றால் 1,35,000 ரூபாய் போகிறது. இரண்டு மாதம் நின்றால் 2,70,000.

இந்தக் கணக்கிலே ஒரு சூட்சுமம் இருக்கிறது. விற்பனையாளர் இதுவரை பட்ட நஷ்டத்தை எடுத்துச் சொல்லி, “இதற்குமேல் குறைக்க வழியில்லை” என்பார். அது உண்மையாகவும் இருக்கலாம். போன மாதங்களின் வட்டியை மீட்பது வாங்குகிறவருடைய பொறுப்பாகாது. இருவரும் பேசவேண்டியது வரப்போகிற மாதங்களைப் பற்றி. இன்றைக்கு ஒன்றரை இலட்சம் குறைத்துக் கொடுத்தால், அடுத்த இரண்டு மாதங்களுக்குள் எப்படியும் இழக்கப்போகிற பணத்தைத்தான் அவர் விட்டுக்கொடுக்கிறார் என்பதை மரியாதையாக, குரலை உயர்த்தாமல், எண்களோடு எடுத்துச் சொன்னால், அனுபவமுள்ள எந்த வியாபாரியும் அதை மறுக்கமாட்டார்.

பேச்சு எப்படித் தொடங்க வேண்டும்? பெரும்பாலோர் “எவ்வளவு குறைப்பீங்க?” என்று தொடங்குகிறார்கள். அது கடைசியில் கேட்க வேண்டிய கேள்வி. தோட்டத்துப் பாடசாலையில் படிப்பித்து ஓய்வுபெற்ற ஒரு பெரியவர் கேட்கக்கூடிய விதம் இது:

“தம்பி, இந்தக் காரு கப்பல்ல இருந்து எறங்கி எத்தன நாளாச்சு?”

“இப்பத்தானுங்க சார் வந்துச்சு.”

“நல்லது. கஸ்டம்ஸ் பேப்பரக் கொஞ்சம் எடுத்துட்டு வாங்க, தேதியப் பாத்துக்கிறேன். அவசரமில்ல, நா இருக்கேன்.”

இந்தச் சில வாக்கியங்களில் பாதி விவகாரம் முடிந்துவிடுகிறது. சுங்கப் பத்திரத்தில் இருக்கும் தேதியைக் கொண்டு 90 நாள் எப்போது முடிகிறது என்று எண்ணிவிடலாம். பத்திரத்தைக் காட்டத் தயங்குகிறவரிடத்தில் வாங்காமல் வருவதே உத்தமம். தாமதக் கட்டணத்தைத் தவிர்ப்பதற்காகக் கடைக்காரர் தமது பெயரிலேயே காரைப் பதிந்துவிட்டிருந்தால் அதையும் அப்போதே தெரிந்துகொள்ளலாம்; அப்படியாயின் வாங்குகிறவர் பதிவுப் புத்தகத்தில் இரண்டாவது உரிமையாளராகிறார், கார் எவ்வளவு புதிதாக இருந்தாலும் பின்னாளில் சந்தை அதை அவ்விதமே மதிக்கும். ஜேர்மனியில் அந்த ஒருநாள் பதிவுக்குத் தள்ளுபடி கிடைப்பதுபோல இங்கும் அதற்கென்று தனியாக விலை குறைக்கும்படி கேட்பது முற்றிலும் நியாயம்.

காரின் வயதைக் காரே சொல்லும். சீனத்தில் செய்த வாகனங்களின் பதினேழு எழுத்துச் சேசிஸ் இலக்கத்தில் பத்தாவது எழுத்து ஆண்டைக் குறிக்கும்: ‘பி’ (P) என்றால் 2023, ‘ஆர்’ என்றால் 2024, ‘எஸ்’ என்றால் 2025, ‘டி’ (T) என்றால் 2026. இந்தியக் கம்பனிகள் மாதத்தையும் சேர்த்துக் குறிப்பது உண்டு, ஆனால் அந்த எழுத்து நிற்கும் இடம் கம்பனிக்குக் கம்பனி வேறுபடலாம். ஜப்பானின் உள்நாட்டுச் சந்தைக்கென்று செய்த சிறிய கார்களிலோ சேசிஸ் இலக்கம் மாதிரிக் குறியும் தொடர் இலக்கமும் மட்டுமே. ஆண்டை அதிலிருந்து படிக்க இயலாது, அங்கிருந்து வந்த ஏற்றுமதிச் சான்றிதழைத்தான் கேட்க வேண்டும். இவை எவையும் கைக்கெட்டாவிட்டால் குனிந்து டயரைப் பாருங்கள். அதன் பக்கச்சுவரில், நீள்வட்டக் கட்டத்துக்குள், நான்கு இலக்கம் பொறித்திருக்கும். 3524 என்றிருந்தால் அந்த டயர் 2024-ஆம் ஆண்டின் 35-ஆவது வாரத்தில் வார்க்கப்பட்டது. நான்கு டயரிலும் மேலதிக டயரிலும் எண்கள் அடுத்தடுத்த வாரங்களாக இருந்தால் கார் தொழிற்சாலையை விட்டு வந்தபடியே இருக்கிறது என்று கொள்ளலாம்; ஒன்று மட்டும் வெகுதூரம் விலகியிருந்தால் காரணம் கேட்க வேண்டும்.

நின்ற காருக்கு நின்றதனால் வரும் நோய்கள் உண்டு. ஒரே இடத்தில் மாதக்கணக்காகப் பாரம் தாங்கிய டயர் அடிப்பக்கம் தட்டையாகும். பற்றரி இறங்கிப் பின் முழுத் திராணியைப் பெறாது. பிரேக் தட்டுகளில் துரு படியும். வெயிலில் நின்ற வைப்பர் ரப்பர் வெடிக்கும். அம்பாந்தோட்டைத் துறைமுகத்தில் இறங்கிக் கடற்காற்றிலே நின்ற கார்களின் அடிப்பாகத்தை டோர்ச் அடித்துப் பார்ப்பது வீண் வேலையன்று. 2025 நவம்பர் இறுதியில் ‘டித்வா’ சூறாவளி நமது மலைநாட்டையும் களனிப் பள்ளத்தாக்கையும் எப்படிப் புரட்டிப்போட்டது என்பதை இங்கே எவருக்கும் சொல்ல வேண்டியதில்லை. அதற்குமுன் வந்திறங்கிய எந்தக் காரிலும் ஆசனப் பட்டியை அதன் கடைசி அங்குலம்வரை இழுத்துப் பாருங்கள். வெளியே தெரியும் பாகத்தைத் துடைத்துவிடலாம், உருளைக்குள் சுருண்டிருக்கும் பாகத்தில் சேற்றுக் கோடு தங்கிவிடும். தரைவிரிப்பின் ஓரத்தைத் தூக்கி முகர்ந்து பார்ப்பதற்கும் கூச்சப்பட வேண்டாம். பற்றரி, டயர் போன்ற குறைகளைப் புதிதாக மாற்றித் தரச் சொல்லலாம், அல்லது அவற்றின் கிரயத்தை விலையிலிருந்து கழிக்கச் சொல்லலாம். வெள்ளம் புகுந்த காரை எந்த விலைக்கும் வாங்கக்கூடாது என்பது என் திடமான அபிப்பிராயம்.

அந்தக் கார் ஏன் நின்றுபோயிற்று என்பதையும் விசாரிக்க வேண்டும். நிறம் பிடிக்காமல் நின்ற கார் வாங்குகிறவருக்கு அதிர்ஷ்டம். மலைக்கு ஏற்காத கார் என்பதனால் நின்றிருந்தால் விஷயம் வேறு. நானுஓயாவிலிருந்து கந்தப்பளை வழியாக இராகலைவரை, உடப்புசல்லாவைப் பக்கம் போன சிறிய ரயில் பாதை 1940-களில் மறைந்துபோன நாள் முதல் நமக்கு ரோட்டை விட்டால் கதியில்லை. அந்த ரோடோ ஆறாயிரம் அடிக்கு மேலே வளைந்து வளைந்து போகிறது. டர்போ இல்லாத பெற்றோல் எஞ்சின், காற்று அடர்த்தி குறைவதனால், ஆயிரம் அடிக்கு ஏறத்தாழ மூன்று வீதம் என்ற கணக்கில் வலுவை இழக்கிறது. கொழும்பிலே தென்றலாய் ஓடிய 660 சி.சி. கார், நான்கு பேரும் ஒரு மூட்டை உருளைக்கிழங்குமாகக் கந்தப்பளைக்கு ஏறும்போது ஐந்தில் ஒரு பங்கு வலுவைக் கீழே விட்டுவிட்டே வருகிறது. முடியுமானால், சமதரையில் அல்லாமல் கடுகண்ணாவை ஏற்றம் போன்ற ஓர் இடத்தில், வீட்டார் அனைவரையும் ஏற்றிக்கொண்டு ஓட்டிப் பார்க்க அனுமதி கேளுங்கள்.

இவ்வளவும் பார்த்த பிறகுதான் விலை. அப்போதும் கேட்க வேண்டியது ஒரே ஒரு தொகை: “எல்லாஞ் சேத்து, நம்பர் பிளேட்டோட, என் பேருக்கு எழுதி ரோட்டுல எறங்க எவ்வளவு?” பதிவுச் செலவு, காப்புறுதி, பத்திரச் செலவு என்று விலைக்கு வெளியே நிற்கும் சிறு தொகைகள் ஒவ்வொன்றாக உள்ளே நுழைவதை இந்தக் கேள்வி தடுக்கிறது. விலையைக் குறைப்பதற்குப் பதிலாக சீட் கவர், மிதியடி, ரிவர்ஸ் கெமரா, கண்ணாடிக்கு நிறத்தாள் என்று வெகுமதிகளை அடுக்குவார்கள்; அவற்றின் மதிப்பை அவர்கள் சொல்லும் விலையில் எடுக்காமல், நுவரெலியாக் கடைத்தெருவில் நீங்களே வாங்கினால் என்ன ஆகும் என்ற கணக்கில் எடுக்க வேண்டும். “பட்ஜெட்டுக்குப் பிறகு விலை ஏறும்” என்பது மற்றொரு வழக்கமான வாக்கியம். 2018 ஓகஸ்ட் மாதத்தில் 1000 சி.சி.க்குக் குறைந்த கார்களின் வரி திடீரென்று ஏறியது உண்மையானபடியால், அதை வெறும் பயமுறுத்தல் என்று தள்ளிவிட முடியாது. வரி ஏறுமா என்ற ஊகத்துக்காக இன்றைக்கே பார்க்காத காருக்கு முற்பணம் கட்டுவதும் விவேகமாகாது. மாத இறுதியிலும் வருஷ இறுதியிலும் விற்பனைப் பையன்களுக்கு முடித்தாக வேண்டிய கணக்கு இருக்கும். அவர்களும் உழைக்கிற பிள்ளைகள்; அவர்களை அவமதித்துப் பெறும் சலுகை எதுவுமில்லை, மேலாளரிடம் போய் நமக்காகப் பேசுகிறவரும் அந்தப் பையன்தான்.

எவ்வளவு தள்ளுபடி போதும்? நான் வைக்கும் அளவுகோல் இது: இந்த வருஷத்துக் காருக்கும் போன வருஷத்துக் காருக்கும் பழைய கார்ச் சந்தையில் இன்றைக்கு எவ்வளவு வித்தியாசம் இருக்கிறதோ, அந்த அளவாவது குறையவேண்டும். மூன்று வருஷத்தில் விற்றுவிட எண்ணுகிறவர் இதில் கண்டிப்பாயிருக்க வேண்டும். வாங்கிய காரைப் பத்துப் பதினைந்து வருஷம் வைத்துக்கொள்ளும் குடும்பங்களுக்கு அந்த ஓராண்டு வித்தியாசம் காலப்போக்கில் தேய்ந்துவிடுமானபடியால், நமது மலையகத்தில் பலருக்கு மிச்சமாய் நின்ற கார் நல்ல யோகமே.

எல்லாவற்றிலும் முக்கியமானதைக் கடைசியில் சொல்ல நேர்ந்தது, அதுவே கடையிலும் கடைசியில் வருவதனால். விலை தீர்ந்த மகிழ்ச்சியில் இருக்கும்போது, “லீசிங் நாங்களே செஞ்சு தர்றோம், மாசம் இவ்வளவுதான்” என்பார்கள். உள்ளே தந்த தள்ளுபடி இந்த இடத்தில்தான் வெளியே போகிறது. 30 இலட்சம் ரூபாயை ஐந்து வருஷத்துக்குத் தட்டையாக 10 வீத வட்டியில் எடுத்தால், வட்டி 15 இலட்சம், மாதத் தவணை 75,000. காதுக்குப் பத்து வீதமாகக் கேட்கும் இது, மாதந்தோறும் முதல் குறைந்துகொண்டு வருவதைக் கணக்கில் எடுத்தால் உண்மையில் ஆண்டுக்கு 17 வீதத்துக்கும் மேல். அந்தப் பத்து, பதினொன்றாக ஏறினால் ஐந்து வருஷத்தில் 1,50,000 ரூபாய் கூடுகிறது: நாள் முழுவதும் பேசிப் பெற்ற தள்ளுபடி அப்படியே திரும்பிப் போய்விட்டது. ஆகையால் காருக்கு விலை தீருமுன் தவணையைப் பற்றி வாய் திறக்கலாகாது. ஊரிலிருந்து புறப்படுமுன்பே இரண்டு மூன்று வங்கிகளிலும் பினான்ஸ் கம்பனிகளிலும் எழுத்தில் வட்டி வீதம் வாங்கிக்கொண்டு போக வேண்டும். காரின் பெறுமதியில் எவ்வளவு பங்குவரை கடன் கொடுக்கலாம் என்பதை 2015 முதல் மத்திய வங்கி அவ்வப்போது விதித்தும் மாற்றியும் வருகிறது. அன்றைய வரம்பைக் கேட்டறிந்தால்தான் கையில் எவ்வளவு ரொக்கம் வேண்டும் என்பது தெரியும். 2000-ஆம் ஆண்டின் 56-ஆம் இலக்க நிதிக் குத்தகைச் சட்டத்தின்படி, தவணை முடியும்வரை காரின் முழு உரிமை பினான்ஸ் கம்பனியிடமே இருக்கிறது. மூன்று போகம் மழையில் போனாலும் தவணை நிற்காது என்பதை எண்ணிப் பார்த்துத் தொகையைத் தீர்மானிக்க வேண்டும்.

சம்மதித்த யாவும் ஒரே தாளில் வரட்டும்: மொத்த விலை, சேசிஸ் இலக்கம், எஞ்சின் இலக்கம், உற்பத்தி ஆண்டு, மாற்றித் தருவதாகச் சொன்ன பற்றரி, உத்தரவாதம் தொடங்கும் தேதி, பதிவு தாமதமானால் தாமதக் கட்டணம் யாருடையது என்பது, காரியம் தவறினால் முற்பணம் திரும்பும் விதம். உத்தரவாதம் கப்பலிறங்கிய நாளிலிருந்தா பதிந்த நாளிலிருந்தா என்பதை முக்கியமாகக் கேளுங்கள்; பதிவுக்கு வரி செலுத்துநர் அடையாள இலக்கமும் 2025 முதல் தேவைப்படுவதால், அது இல்லாத விவசாயிகள் முன்னதாகவே எடுத்துவைப்பது நல்லது. தாளில் எழுதிய இலக்கங்களைக் காரின் உடம்பில் பொறித்த இலக்கங்களோடு ஒவ்வொரு எழுத்தாக ஒத்துப் பார்த்த பின்பு முற்பணத்தையும், பதிவு உங்கள் பெயருக்கு வந்த பின்பு மீதியையும் கொடுங்கள்.